கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டும் முன்

பொதுத்தேர்வு முடிந்ததும் மதுரையில் கம்ப்யூட்டர் சென்டர்கள் நிரம்பத் தொடங்கும். சிம்மக்கல், டவுன்ஹால் ரோடு மட்டுமல்ல, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் இதே நிலைதான். சேருகிறவர்களில் பலரும் கேட்பது வேர்டு, எக்செல், டைப்பிங். வக்கீல் ஆபீஸ், பத்திர எழுத்தர், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் இந்த வேலை தெரிந்தவருக்கு இடம் உண்டு. கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தைக் கட்டும் குடும்பங்கள் ஏமாறுவது பாடத்தில் அல்ல, சான்றிதழில்.

'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று போர்டில் எழுதியிருந்தால், எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். டிரஸ்டாகப் பதிவு செய்திருப்பார்கள். சிறுதொழிலாகப் பதிவு செய்திருப்பார்கள். அது நிறுவனத்துக்கான பதிவு, படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போக நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதற்குத் தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழைத்தான் டி.என்.பி.எஸ்.சி. கேட்கிறது. அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் தகுதிகாண் பருவம் முடிவதற்குள் பெற்றுவிட வேண்டும். தனியார் மையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் ஆறு மாத டிப்ளமோ இதற்கு ஈடாகாது. 'எங்கள் சான்றிதழே போதும்' என்று யாராவது சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள்.

பாடத்தையும் உரசிப் பார்த்துத்தான் சேர வேண்டும். தமிழ் டைப்பிங் எந்த எழுத்துருவில் சொல்லித்தருகிறார்கள் என்பது முதல் கேள்வி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த மனுவை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். இந்தச் சிக்கல் இல்லாத யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. டைப்ரைட்டரில் பழகிய விரல்களுக்கும் சிரமமில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் அதே தட்டச்சு விசை அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம். அடுத்து, தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகச் சொல்கிறார்களா, அலைன்மென்ட் பட்டனைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். ஸ்பேஸ் தட்டி ஒழுங்குபடுத்திய பக்கம் எழுத்தின் அளவை மாற்றியதும் கலைந்துவிடும். ஸ்டைல், டேபிள், பக்க எண், பி.டி.எஃப். ஆக்குவது, அடிக்கடி கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமிப்பது இவ்வளவும் ஓரிரு மாதத்தில் வந்துவிடும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் லிப்ரே ஆபீஸ் ரைட்டரை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். திருட்டு நகல் ஆபீஸ் வேண்டாம். அதோடு வைரஸும் வரும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய வேர்டு கோப்பு 'மேக்ரோவை இயக்கு' என்று கேட்டால் இயக்காதீர்கள். 1999-ல் உலகெங்கும் மின்னஞ்சல்களை முடக்கிய மெலிசா வைரஸ் பரவியது அப்படிப்பட்ட ஒரு வேர்டு கோப்பு வழியாகத்தான்.

சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் உண்டா, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ரசீது கட்டாயம். 'வேலை உத்தரவாதம்' என்று அச்சிட்ட நோட்டீஸையும் பத்திரப்படுத்துங்கள். 50 பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்கள் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

சொன்னபடி வகுப்பு நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பள்ளி, கல்லூரிக் கல்வி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருமா என்பதில் வழக்குகள் உண்டு. ஆனால் பயிற்சி மையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையிலிருந்து ஆன்லைனில் வகுப்பு நடத்தியவர் மீது உசிலம்பட்டிக்காரர் மதுரையிலேயே வழக்குத் தொடுக்க முடியும்.

படித்து முடித்த பிறகு வரும் ஆபத்துதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 'வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, படத்தைப் பார்த்து வேர்டில் அடித்தால் போதும்' என்று வாட்ஸ்அப்பில் வரும். பதிவுக் கட்டணம் வாங்குவார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ராத்திரி பகலாக அடித்து அனுப்பினால் 'தவறுகள் அதிகம், நஷ்டஈடு கட்டு' என்பார்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ் என்று ஒரு காகிதமும், 'கைது செய்வோம்' என்று போனும் வரும். சின்ன வயதுப் பெண்கள் இதற்குப் பயந்து நகையை அடகு வைத்துக்கூடக் கட்டிவிடுகிறார்கள். டைப்பிங்கில் பிழை விட்டதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவும் அல்ல. வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டாலே விலகிவிடுங்கள். கட்டியாகிவிட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கைக்கு மாறுவதற்குள் சொன்னால் அவர்களின் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நோட்டீஸ் பற்றி விளக்கம் வேண்டுமென்றால் 15100-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.

பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் 1915, 1930, 15100 என்ற மூன்று எண்களையும் இன்றே போனில் பதிந்துவையுங்கள். வீட்டில் பிள்ளை ஏமாந்து வந்து நின்றால் திட்டாமல் முதலில் 1930-ஐ அழையுங்கள்.