தெருவில் சென்ற படகு

படகு நீரில் செல்வது இயல்பு. ஆனால், தெருவில் சென்ற ஒரு படகைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் இயற்கைத் துறைமுகம் ஒன்றைச் சூழ்ந்து அமைந்தது. அதன் கரையில் கடிகல் முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். அவர்தம் பெண்டிர் மரப்பட்டைப் படகுகளில் அமர்ந்து, சங்கு ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள்ளால் மீன் பிடித்தனர். 1770-ஆம் ஆண்டில் கேப்டன் குக் கடல்வழியே அந்நாட்டின் கீழைக் கரையை அடைந்தார். 1788-இல் ஆங்கிலேயரின் 11 கப்பல்கள் குடியேற்றத்துக்காக வந்தன. உணவளித்த நீரே, மண்ணைப் பறிக்க வந்தவர்களுக்கும் வழியாயிற்று.

1988-இல் அக்குடியேற்றத்தின் 200-ஆம் ஆண்டு விழா நடைபெற்றது. ஜனவரி 26 அன்று பாய்மரக் கப்பல்கள் துறைமுகத்தில் அணிவகுத்தன. அதே நாளில் பழங்குடியினரும் அவர்தம் ஆதரவாளருமாகப் பல்லாயிரவர் நகரில் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர்.

சில வாரங்கள் கழித்து அந்நகரில் மார்டி கிரா ஊர்வலம் வந்தது. தற்பால் ஈர்ப்புடையோர் தம் உரிமைக்காக 1978-இல் தொடங்கிய ஊர்வலம் அது. முதல் ஆண்டில் காவலர் 53 பேரைக் கைது செய்தனர். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாகக் கருதிய சட்டம் அம்மாநிலத்தில் 1984-இல்தான் நீங்கியது.

1988-ஆம் ஆண்டு ஊர்வலத்தில்தான் பழங்குடியினரின் ஊர்தி முதன்முதலாக இடம்பெற்றது. அவ்வூர்தி ஒரு படகு! நடனக் கலைஞர் மால்கம் கோல் என்னும் பழங்குடியினர் கேப்டன் குக் வேடம் தரித்து அதில் நின்றார். வெள்ளையர் அதனை இழுத்துச் சென்றனர்.

இச்செய்தியை முதலில் அறிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்னர்ச் சிந்தித்தேன். இருவகையிலும் ஒதுக்கப்பட்ட ஒருவரை, ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் காட்டுமாறு உலகம் தூண்டும். கோல் எதையும் மறைக்கவில்லை. இரண்டையும் ஒரே படகில் ஏற்றினார். வந்தேறிகளின் கலத்தையே தம் கலையாக்கிக்கொண்டார்.

அந்தப் படகு ஓர் இரவுக்காட்சியாக முடிந்தது. இன்று அத்துறைமுகக் கரையில் நிலையான சிற்பம் ஒன்று நிற்கிறது. வான்யி இனத்தைச் சேர்ந்த ஜூடி வாட்சன் படைத்து, 2022-இல் திறக்கப்பட்ட 'பாரா' அது. அப்பெண்டிரின் தூண்டில் முள்ளே 6 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கிறது. ஒன்று, நீர்வழி வந்தவர்களை எள்ளி நகைத்தது. மற்றொன்று, நீரோடு வாழ்ந்தவர்களை நினைவூட்டுகிறது. 'இந்த நீருக்கு உரியவர் யார்?' என்ற ஒரே வினாவையே இரண்டும் எழுப்புகின்றன. பொது இடத்தில் நிற்கும் கலையைக் காணும்போதெல்லாம், அது யாருடைய குரல் என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.