கழுவிய உப்பும் பக்கற் உப்பும்

ஒரு காலத்தில் வன்னியில் உப்பைக் கழுவித்தான் கறிக்குப் போட்டார்கள். சங்கக்கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தருகிற கல்லுப்பில் மண்ணும் சேறும் கிடக்கும். சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி, ஊத்தையை வடித்து, சிரட்டையில் அடுப்படி மூலையில் வைப்பார்கள். மாரி தொடங்கினால் அது கசிந்து பாதி தண்ணீராகி நிற்கும். அந்தத் தண்ணீரையே அகப்பையால் அள்ளிச் சொதிக்கு விடுவார்கள். ருசிக்கு ஒரு குறையும் இருக்காது.

கழுவியதால் நட்டமும் இல்லை. கடல் உப்பில் அயடீன் நிறைய இருக்கிறது என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். கடல் மீனிலும் இறாலிலும் பாசியிலும் இருப்பது உண்மைதான். ஆனால் பாத்தியில் காய்ந்து மணியாகிற உப்பில் அது பேருக்குத்தான் மிஞ்சும். அயடீனை மனிதர் சேர்த்தால்தான் உண்டு. பொட்டாசியம் அயடேட்டைத் தண்ணீரில் கரைத்து உப்பின் மேல் தெளிக்கிறார்கள். அது மணியின் மேற்புறத்தில் படிந்து நிற்கிறது. அயடீன் சேர்த்த கல்லுப்பை இன்றைக்கும் பழக்கதோசத்தில் கழுவுகிற வீடுகளில் முதல் தண்ணீரோடு போவது அதுதான்.

ஆனையிறவு, குறிஞ்சாத்தீவு உப்பளங்கள் 1990 வரை வடக்குக்கு உப்புப் போட்டன. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் அங்கிருந்துதான் உப்புப் போனது. 1990இல் போர் மூண்டதோடு உப்பளம் நின்றது. அடுத்த ஆண்டு அந்த வெட்டையில் ஆனையிறவுச் சமரே நடந்தது. விற்பனைக்கு வரும் உப்பு அயடீன் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 1995இல். உப்பளம் மூடி ஐந்து வருடம் கழிந்த பிறகு. வன்னியின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டிலேயே இல்லாத காலம் அது. நம்முடைய உப்பும் அந்தச் சட்டமும் ஒன்றையொன்று சந்திக்க ஒரு தலைமுறை பிடித்தது.

அப்படியென்றால் அயடீன் குறைவால் அந்தக் காலத்தில் வன்னியில் எல்லோர் கழுத்திலும் கழலை தொங்கியிருக்க வேண்டுமே? அப்படி இல்லை. இலங்கையில் கழலைக்குப் பேர் போனது மழை கொட்டுகிற தென்மேற்கு. 1980களின் நடுப்பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்குக் கழலை இருந்தது. களுத்துறையில் அது 30ஐத் தொட்டது. அடைமழை மண்ணின் அயடீனைக் கழுவிக் கொண்டுபோய்விடுகிறது. உலர் வலயத்தில் நிலத்தடி நீரிலேயே அயடீன் கூடுதல். கேத்திலில் வெள்ளையாய்ப் படிகிற, சவர்க்காரம் நுரைக்காத அந்தக் கிணற்றுத் தண்ணீரை நாம் எவ்வளவு திட்டியிருப்போம்! அதுதான் சத்தமில்லாமல் தைரொயிட் சுரப்பிக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. முல்லைத்தீவுக் கரையில் கடல் மீனும் நந்திக்கடல் இறாலும் அதற்கு மேல். உள்ளே ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் குளத்து மீன்தான். யப்பான் மீன் போன்ற குளத்து மீனில் கடல் மீனளவு அயடீன் கிடையாது. அங்கே கிணறும் கருவாடும் கைகொடுத்தன.

போர்க் காலத்தில் மரவள்ளி சோற்றுக்குப் பதிலாக நின்ற நாட்கள் பல. மரவள்ளியில் இருந்து உடலில் உருவாகும் தயோசயனேற்று, தைரொயிட் அயடீனை இழுப்பதைத் தடுக்கும். மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றி, மீன் குழம்போடு தின்றால் பயமில்லை. மீன் கிடைக்காமல் கிழங்கே மூன்று வேளையும் ஆகும்போதுதான் சிக்கல். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாய்க் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தவர்களிடம் இதையெல்லாம் பேச எனக்கு வாய் வராது.

இப்போது தண்ணீர் மாறிவிட்டது. சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியா, முல்லைத்தீவு ஊர்களில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரைக் கலனில் வாங்கிக் குடிக்கிறார்கள். அது நல்லதுக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இயந்திரம் கல்சியத்தோடு அயடீனையும் பெருமளவு வடித்துவிடுகிறது. கிணறு பார்த்த வேலை உப்புப் பக்கற்றின் தலையில் விழுந்திருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. உப்புக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயடீன் இருந்தால் ஐந்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் வந்துவிடும். அதற்கு மேல் உப்பை அள்ளிப் போட்டால் பிரசர்தான் ஏறும். ஆகவே கூட்ட வேண்டியது உப்பை அல்ல. பக்கற்றை வெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் திறந்தபடி வைக்காமல் மூடி இறுகிய போத்தலில் கொட்டி, கறி இறக்கும் நேரத்தில் போட்டால் போதும். மிச்சத்துக்கு மீனும் முட்டையும். அவை இரண்டிலும் தைரொயிட்டுக்கு வேண்டிய செலேனியமும் இருக்கிறது.

2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள். பக்கற்றில் 'ரஜ லுணு' என்று சிங்களத்தில் பெயர் வந்ததும் ஊரே கொதித்தது, பிறகு 'ஆனையிறவு உப்பு' என்றானது. கொதித்தது நியாயம். அந்தப் பக்கற்றைத் திருப்பி அயடீன் எவ்வளவு என்று பார்த்தவர்களும் சிலர் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நோயும் மாறிவிட்டது. அன்று கழுத்தில் வீக்கம் தெரிந்தால்தான் கழலை. இன்று களைப்பு, உடம்பு ஊதல், முடி கொட்டுதல் என்று போனால் இரத்தத்தில் ரி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறார்கள், "எனக்குத் தைரொயிட்" என்று கையில் துண்டோடு வருகிறார்கள். அயடீன் போதிய இடங்களில் சுரப்புக் குறைவது பெரும்பாலும் ஹஷிமோட்டோவால். உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற நோய் அது. உப்பாலோ பாசிக் குளுசையாலோ அது மாறாது. அயடீன் மிதமிஞ்சினால் மோசமாகவும் கூடும். தைரொயிட் என்றதும் கோவாவைக் கண்டு ஏன் இத்தனை பயம் என்றுதான் விளங்கவில்லை. அவித்த கோவாவை அளவோடு தின்னலாம். கவனிக்க வேண்டியது காலைத் தேத்தண்ணியை. சுரப்புக் குறைவுக்குக் கொடுக்கிற தைரொக்சின் குளுசையைப் பால்மாத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அது சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். சோயா மீற்றும் அந்த வேளைக்கு ஆகாது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு, கல்சியம் குளுசைகளும் அப்படித்தான். தைரொக்சினுக்கும் அவற்றுக்கும் நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். காலையில் தைரொக்சின் என்றால் மற்றவற்றை மத்தியானச் சோற்றுக்குப் பிறகோ இரவிலோ வைத்துக்கொள்ளலாம்.