பிடிக்குள் மறைந்த எஃகு

காட்டுப் பயணத்துக்குக் கத்தி வாங்குவோர் முதலில் அலகின் அழகைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான், போர்வீரர் கத்தியைப் போலக் கறுத்து நீண்டு, முதுகில் ரம்பப் பற்களோடு இருந்த ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். மழை பெய்த ஓரிரவில், ஈர விறகைப் பிளந்து உள்ளிருக்கும் உலர்ந்த பகுதியை எடுக்க எண்ணி, கத்தியை விறகின் தலையில் பதித்து அதன் முதுகில் ஒரு கட்டையால் தட்டினேன். நான்காவது அடியில் பிடி என் கையோடு வந்துவிட்டது. அலகு தெறித்து என் காதருகே பறந்தது. அன்றிரவு எங்களுக்குத் தீயும் இல்லை, சோறும் இல்லை.

மடக்குக் கத்திக்குக் கீல்தான் பலவீனம். அந்தக் கீல் இல்லை என்பதற்காகத்தானே மடங்காத கத்தியை நாடுகிறோம்? என் கத்தியிலோ பிடிக்குள் சென்றது பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி! அலகின் எஃகு அகலம் குறையாமல் பிடியின் கடைசிவரை ஓடவேண்டும். அப்படி ஓடினால், பிடியின் விளிம்பில் அது கோடாகத் தெரியும்.

அலகு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும், 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனும் இருந்தால் போதும். கரி மிகுந்த எஃகைத் தீட்டுவது எளிது. ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். கடலோரம் செல்வோர், 13 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் கலந்த எஃகைத் தேடுவது நலம். முதுகில் ரம்பம் வேண்டாம். தட்டும் கட்டையைத்தான் அது அரிக்கும்.

உறையையும் சோதியுங்கள். மேசைமேல் தலைகீழாகப் பிடித்து உதறும்போது கத்தி நழுவினால், அந்த உறை இடுப்பில் கட்டத்தக்கதன்று.