மடிக்கணினியின் மேனியில் விழும் கீறல்

பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் காலைப் பேருந்தில் மாணவர் தோளில் தொங்கும் பைகளுள் ஒன்றிரண்டிலேனும் இந்நாளில் மடிக்கணினி இருக்கக் காணலாம். அதே பைக்குள் கவராயமும் வீட்டுத் திறப்பும் மின்னேற்றியின் செருகியும் கிடக்கின்றன. வளைவுக்கு வளைவு வண்டி குலுங்குகின்றது. சில வாரங்களுக்குள் கரிய மூடியின்மேல் வெண்கோடுகள் தோன்றிவிடுகின்றன.

இதனை அற்பக் குறையென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், பொருளின் விலையையும் எண்ணுதல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி, ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய மடிக்கணினி என்பது முழுப்பேர் விழுந்த நூறு நாட் கொழுந்தாகும். கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் அதனை வாங்கி அனுப்பியிருந்தால், அவனுடைய கணக்கும் ஏறக்குறைய அதுவே. அத்தகைய பொருளில் முதற் கீறலைக் கண்ட தங்கை, வீட்டார் பார்க்குமுன் அதனை மறைத்துவிடத் துடிப்பது இயல்பே. அந்தத் துடிப்பிலே கைக்கு அகப்பட்டதைக் கொண்டு தேய்க்கும்போதுதான் சிறு குறை பெருங்கேடாகின்றது.

கீறல் என்பது யாது? வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் அது பளபளப்பாகத் தோன்றுகின்றது. மணலோ இரும்போ உரசும்போது அப்பரப்பில் ஒரு சிறு பள்ளமும், அதன் இரு மருங்கிலும் வரப்புப்போல் உயர்ந்த விளிம்பும் உண்டாகின்றன. அவ்விடத்தில் ஒளி பல திசையாகச் சிதறுகின்றது. அச்சிதறலே கண்ணுக்கு வெண்கோடாகப் படுகின்றது. மெருகேற்றுதல் பள்ளத்தை நிரப்புவதன்று. விளிம்பையும் சுற்றியுள்ள பரப்பையும் சிறிது சிறிதாகத் தேய்த்து, பள்ளத்தை ஆழமற்றதாக்குவதே ஆகும். ஆகவே ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் பொருளில் ஒரு பகுதி குறைகின்றது என்பதை மறத்தலாகாது.

உரசும் பொருள்களுள் முதன்மையானது சாலைப் புழுதி. அதிலுள்ள குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவையில் 7 என்னும் கடினம் உடையது. பேனாக்கத்தியின் எஃகைக்கூட அது கீறிவிடும். பிளாஸ்டிக் அதன்முன் எம்மாத்திரம்? புழுதி படிந்த மூடியை உலர்ந்த சீலையால் அழுத்தித் துடைப்பவர், துப்புரவு செய்வதாக எண்ணி அரத்தாளால் தேய்க்கின்றார். முதலில் புழுதியை மெல்லத் தட்டிவிட்டு, பின்னர் ஈரம் மட்டும் தோய்ந்த மென்சீலையால் ஒற்றியெடுத்தலே முறை.

மடிக்கணினியின் உடல் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கினாலோ, பொலிகாபனேற்றினாலோ, அவ்விரண்டின் கலவையாலோ ஆனது. பின்மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் அவ்வெழுத்துகள் அச்சில் வார்க்கப்பட்டிருப்பதைப் பலவற்றில் காணலாம். பொலிகாபனேற்றை 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மான் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டானியல் பாக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமலே கண்டுபிடித்தனர். அது வலிமை மிக்கது. சம்மட்டி அடியையும் தாங்கும். ஆனால் கீறலை மட்டும் தாங்காது. உடைவதற்கு அஞ்சாத பொருள் நகத்தளவு மணலுக்கு அஞ்சுவது விந்தையே.

இவ்விடத்தில் பழைய பிசின் ஒன்றையும் நினைவுகூரலாம். பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்து, பின்னர் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளரான எட்வர்ட் ஏர்ணஸ்ட் கிரீன், செதிற்பூச்சிகளை ஆராய்ந்து பெருநூல் எழுதியவர். அரக்குத் தரும் பூச்சியும் அப்பெருங் குலத்தைச் சேர்ந்ததே. மாத்தளைக்கு அருகிலுள்ள ஹபுவிட கிராமத்தில் அரக்கை நகத்தாலே இழையாக இழுத்து அணி செய்யும் கைவினை பெயர் பெற்றது. துரைமார் பங்களாக்களின் மேசை நாற்காலிகளுக்கும் அரக்கு மெருகு பூசுதல் வழக்கமாயிருந்தது. அம்மெருகில் கீறல் விழுந்தால் தச்சர் மதுசாரத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவுவார். அரக்கு சற்றே கரைந்து, மீண்டும் ஒன்றாய்ப் படியும்.

இந்தப் பழக்கத்தைப் பிளாஸ்டிக்கிலும் கையாளலாம் என்று கருதி, நகப்பூச்சு நீக்கும் திராவகத்தைத் தடவுவோர் உளர். அத்திராவகங்கள் பலவற்றில் அசெற்றோன் இருக்கின்றது. அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்துக் குழம்பாக்கிவிடும்; பொலிகாபனேற்றை வெளுக்கச் செய்து மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். கீறல் இருந்த இடத்தில் உள்ளங்கையளவு வடு எஞ்சும். தீயில் வாட்டுதலும் இத்தகையதே. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 பாகை சதம அளவையொட்டியே இளகத் தொடங்கும். மெல்லிய மூடி கணத்தில் நெளிந்துவிடும்.

செய்யத்தக்கது யாதெனில், முதலில் கருவியை நிறுத்தி, மின்னேற்றியையும், கழற்றக் கூடியதாயின் மின்கலத்தையும் அகற்றுதல். பின்னர் ஈரச்சீலையால் துடைத்துப் பார்த்தல். கீறல் என்று எண்ணியவற்றுட் சில, வேறொரு பொருளின் சாயமோ ரப்பரோ ஒட்டிய கறையாகவே இருக்கும். அவை துடைத்தாலே போய்விடும். எஞ்சியதன் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடைபடாவிடில் கீறல் மேலோட்டமானது. மோட்டார் வண்டிக்குப் பூசும் நுண்ணிய மெருகுப் பசையோ, பிளாஸ்டிக்கிற்கெனவே விற்கப்படும் பசையோ ஒரு துளி போதும். வெள்ளைப் பற்பசையிலும் நுண்ணிய சுண்ணத்தூளோ சிலிக்காவோ இருத்தலால், வேறொன்றும் கிடைக்காதபோது அதுவும் உதவும். மறைவான ஓரத்தில் முதலிற் சோதித்து, அதன் பின்னரே அழுத்தமின்றித் தேய்த்தல் நன்று. துளைகளையும் விசைகளையும் ஒட்டுநாடாவால் மூடிவைத்தல் இன்றியமையாதது.

நகம் தடைபடும் கீறலுக்கு 1500, 2000, 3000 என்னும் எண்ணுள்ள அரத்தாள்களை வரிசையாக நீரில் நனைத்துத் தேய்த்து, இறுதியில் மெருகுப் பசை இடுவர். மூடியைத் தனியே கழற்றியெடுக்கத் தெரிந்தவர்க்கே இது தகும். நீர் உள்ளே இறங்கினால் இழப்பு மூடியோடு நில்லாது.

இவ்வளவும் பளபளப்பான, நிறம் பொருளிலேயே ஊறிய பிளாஸ்டிக்கிற்கு மட்டுமே பொருந்தும். மங்கலாகச் சொரசொரப்பு அமைத்த பரப்பைத் தேய்த்தால், கீறல் போய் அவ்விடம் மட்டும் கண்ணாடிபோல் மின்னும். அது கீறலினும் அசிங்கம். வண்ணம் பூசிய மூடியாயின் வண்ணம் உரிந்து அடிநிறம் வெளிப்படும். அத்தகையவற்றில் கீறலின்மேல் நல்ல ஒட்டுப்படம் ஒன்றை ஒட்டிவிடுவதே அறிவுடைமை; மாணவர் பலர் அதனைத்தான் செய்கின்றனர், அது நகைக்கத் தக்கதன்று. திரையை மட்டும் எக்காரணங் கொண்டும் பசையால் தேய்த்தலாகாது. அதன் மேலுள்ள மெல்லிய படலம் தேய்ந்தால் எழுத்து முழுவதும் மங்கிவிடும்.

மூடியின் கீல் அருகே காணப்படும் கோட்டை மாத்திரம் சற்றே கூர்ந்து நோக்கல் வேண்டும். மூடியைத் திறந்து மூடுகையில் அக்கோடு விரிந்து சுருங்குமாயின் அது கீறலன்று, வெடிப்பு. அதற்கு மெருகு பயன்படாது. கீலைத் தளர்த்தி, அம்மூடியை மாற்றுதலே வழி. பழைய உதிரிப்பாகங்கள் கொழும்பு பம்பலப்பிட்டியின் கணினிக் கடைகளில் விசாரிக்கத் தக்கவை. மாதிரி எண் கருவியின் அடிப்பாகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் குறித்தனுப்பினால், அண்ணன் ஊருக்கு வரும்போது மூடியையும் கொண்டுவர முடியும்.