வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் மனித சமுதாயத்துக்குப் புதிதன்று. ஆனால் ஓய்ந்திருக்கும் நாளுக்கும் உழைத்த நாளுக்குரிய ஊதியத்தையே கொடுக்க வேண்டும், அதையும் எஜமானனின் தயாளத்தால் அல்லாமல் சட்டம் விதித்த கடமையாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மிகவும் இளையது. வேதம் ஓதுவோருக்குப் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகளில் அத்தியயனம் கூடாது என்று தர்ம சூத்திரங்கள் வெகு காலத்துக்கு முன்பே விதித்துவிட்டன. நம் ஊர்களில் தச்சரும் கொல்லரும் தட்டாரும் அமாவாசையன்று உளியையும் சுத்தியலையும் தொடாமலிருந்த வழக்கம் சட்டசபைகளின் தீர்மானத்துக்காகக் காத்திருந்து பிறந்ததன்று. கௌடில்யர் இன்னும் ஒரு படி மேலே போய், நூல் நூற்பவர்களைப் பண்டிகைத் திதிகளில் வேலை வாங்க நேர்ந்தால் அவர்களைக் கௌரவித்தும் வெகுமதி கொடுத்தும் வாங்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரத்தில் எழுதிவைத்தார்; விடுமுறை நாளின் உழைப்பு மற்ற நாளின் உழைப்பைவிட விலை உயர்ந்தது என்பதை அந்த ராஜதந்திரி நன்றாக அறிந்திருந்தார். ஆயினும் வீட்டில் இருந்தவனுக்குக் கூலி உண்டு என்று அவரும் சொல்லவில்லை. கோடையில் வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் பண்ணையாளுக்குக் கிடைத்த ஓய்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குப் பட்டினி என்றுதான் பெயர்.

ஆலைகள் வந்த பிறகு திதியும் இல்லை, பட்சமும் இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரையில் நின்று வேலை செய்த மக்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்று 1884ஆம் ஆண்டில் குரல் எழுப்பியவர், ஜோதிராவ் புலேயின் தோழரும் ‘தீனபந்து’ பத்திரிகையின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளின் கையொப்பத்தோடு விண்ணப்பம் போயிற்று, பொதுக்கூட்டங்கள் கூடின, கடைசியில் 1890ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் தேதி ஆலை முதலாளிகளின் சங்கம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இணங்கியது. மறு ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாகவும் ஆக்கிற்று. அந்தக் காலத்துத் தொழிற்சாலைச் சட்டங்களுக்குப் பின்னால் இந்தியத் தொழிலாளியின் மேல் கொண்ட கருணை மட்டும் இருந்ததாக நினைப்பது பிழை. மலிவான கூலிக்கு நெடுநேரம் ஓடும் பம்பாய் ஆலைகள் தங்களுக்குப் போட்டியாக வளர்வதைக் கண்டு கலங்கிய இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நிர்ப்பந்தமும் இருந்தது. எந்த நோக்கத்தோடு வந்தாலும் வந்த நன்மை நன்மைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் வார விடுமுறை தந்ததே அன்றி, அந்த நாளுக்குக் கூலி தர வேண்டும் என்று சொல்லவில்லை. தினக்கூலிக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது உடம்புக்கு லாபம், வயிற்றுக்கு நஷ்டம்.

ஆகவே ஓய்வின் சரித்திரத்தில் உண்மையான திருப்பம் எங்கே நிகழ்ந்தது என்று கேட்டால், சம்பளத்தோடு கூடிய வருஷாந்தர விடுமுறை தோன்றிய இடத்தைத்தான் நான் காட்டுவேன். முதல் மகாயுத்தம் முடிந்த கையோடு ருஷியாவிலும் ஆஸ்திரியாவிலும் அதற்குச் சட்டங்கள் பிறந்தன என்றாலும், உலகத்தின் கற்பனையில் அது நிலைபெற்றது பிரான்ஸ் தேசத்தில், 1936ஆம் ஆண்டுக் கோடையில். அந்த நாட்டில் அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு மூன்றாம் நெப்போலியன் காலத்திலேயே, 1853 முதல், பதினைந்து நாள் விடுமுறை கிடைத்து வந்தது. பேனா பிடித்தவனுக்கு எண்பது ஆண்டுகளாக உரிமையாயிருந்த ஒன்று சுத்தியல் பிடித்தவனுக்குக் கனவாகவே இருந்தது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி வெற்றி பெற்றது; புதிய மந்திரிசபை பதவி ஏற்பதற்கு முன்பே தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். சுமார் 20 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரங்களுக்கு நடுவே அக்கார்டியன் வாசித்து ஆடினார்கள். சுவருக்கு வெளியே நின்ற மனைவிமார் கூடைகளில் உணவு அனுப்பினார்கள். லியோன் ப்ளூம் பிரதமராகி மூன்று நாள் ஆவதற்குள், ஜூன் 7ஆம் தேதி இரவு, மாத்தின்யோன் மாளிகையில் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

விசித்திரம் என்னவென்றால், அந்த உடன்படிக்கையில் கூலி உயர்வு இருந்தது, தொழிற்சங்க உரிமை இருந்தது. விடுமுறையைப் பற்றி ஒரு வரி இல்லை. அது தனியே சட்டமாக ஜூன் 20ஆம் தேதி வந்தது: ஓராண்டு வேலை செய்தவனுக்குப் பதினைந்து நாள் விடுமுறை, அதில் குறைந்தது 12 நாள் வேலை நாட்களாக இருக்க வேண்டும், முழுச் சம்பளம். ஆனால் காசும் நாளும் கையில் வந்த மாத்திரத்தில் ஏழை ஒருவன் பிரயாணம் செய்யத் தொடங்கிவிடுவதில்லை. பிரயாணத்துக்குப் பழக்கமும் வேண்டும், டிக்கெட்டும் வேண்டும். இதை உணர்ந்தவர் ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்த லியோ லாக்ராஞ்ச் என்ற இளம் உபமந்திரி. ரயில் கம்பெனிகளோடு பேரம் பேசி, விடுமுறைக்குப் போகும் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் மூன்றாம் வகுப்புக் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி வாங்கித் தந்தார். ஆகஸ்டில் விற்பனை தொடங்கிய அந்த டிக்கெட்டுகள் அந்த ஒரு பருவத்திலேயே ஐந்து லட்சத்துக்குமேல் விற்றன. அதுவரை சமுத்திரத்தையே பார்த்திராத பலர் அப்போதுதான் பார்த்தார்கள்; அவர்களைவிட அதிகமானோர் கிராமத்து உறவினர் வீட்டுக்குப் போய் அறுவடைக்கு ஒத்தாசை செய்தார்கள், அல்லது எங்கும் போகாமல் தங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கும் போகாமல் இருந்ததும் விடுமுறையே.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மானியரிடம் தோற்ற பிரான்ஸில், தேசத்தின் தோல்விக்கு நீர்தாம் காரணம், மக்களைச் சோம்பேறிகளாக்கினீர் என்ற தோரணையில் ப்ளூமை ரியோம் நகரத்தில் விசாரணைக் கூண்டில் நிறுத்தியபோது, அந்த முதியவர் தம் சாதனைகளில் இதையே பெருமையோடு எடுத்துச் சொன்னார். பதவியிலிருந்த காலத்தில் எப்போதோ ஒருமுறை பாரிஸுக்கு வெளியே போனபோது, இருவர் மிதிக்கும் சைக்கிள்களில் தொழிலாளத் தம்பதிகள் சாலை நிறையப் போவதைக் கண்டதாகவும், இருண்ட வாழ்க்கைகளில் ஏதோ சிறிது வெளிச்சத்தைக் கொண்டுவந்தோம் என்ற நிறைவு தமக்கு உண்டானதாகவும் அவர் கூறியது நீதிமன்றப் பேச்சுகளில் மறக்கத் தகாதது.

இனி அதே கோடையின் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிப் பொய்யாகிவிடும். பாரிஸில் பறந்த அதே மூவர்ணக் கொடியின் கீழ் இருந்தது நம்முடைய புதுச்சேரி. அங்கே ரோடியர், கேப்ளே, சவானா என்ற மூன்று பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலை செய்தார்கள். பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைத்த எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் எங்களுக்கு ஏன் கூடாது என்ற கேள்வியோடு, தொழிற்சங்கவாதி வ. சுப்பையாவின் தலைமையில் அவர்களும் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். பாரிஸில் உட்கார்ந்தவர்களுக்குச் சட்டம் கிடைத்தது. புதுச்சேரியில் உட்கார்ந்தவர்களுக்குக் குண்டு கிடைத்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி, லாக்ராஞ்சின் மலிவு டிக்கெட்டுகள் விற்பனைக்கு வருவதற்குச் சில நாட்களே இருந்தபோது, சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 12 தொழிலாளிகள் மாண்டார்கள். மக்கள் முன்னணியின் ஆட்சி அப்போது பாரிஸில் நடந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு இந்தியாவுக்கென்று வந்த ஆணை எட்டு மணி நேர வேலையை அங்கீகரித்தது. ஆசியாவிலேயே அது முதலாவது என்று புதுவைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். பேசட்டும், விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

1936ஆம் ஆண்டின் அந்த ஜூன் மாதத்திலேயே, 24ஆம் தேதி, ஜினிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கென்று 52ஆவது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அது கேட்ட அளவு மிகவும் சிறியதுதான்: ஓராண்டு சேவைக்கு ஆறு வேலை நாட்கள். ஆனால் அதில் ஒரு நுட்பமான விதி இருந்தது. விடுமுறையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எந்த உடன்படிக்கை செய்துகொண்டாலும் அது செல்லாது என்பதே அந்த விதி. பசித்தவன் தன் ஓய்வை விற்றுவிடுவான், வாங்குவதற்கும் ஆள் இருக்கும் என்பதை ஜினிவாவில் யாரோ நன்கு உணர்ந்திருந்தார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் இந்த உரிமை 1945ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் நுழைந்தது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அப்போது டாக்டர் அம்பேத்கரிடம் இருந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பத்து நாள், சிறுவர்களுக்குப் பதினான்கு நாள் என்பது அந்த ஏற்பாடு. சுதந்திரம் வந்தபின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அதன் திருத்தங்களும் கணக்கை மாற்றின. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவனுக்கு, செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். எஞ்சியதில் 30 நாள் வரையில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. கேட்டும் மறுக்கப்பட்ட நாட்களுக்கோ அந்த வரம்பும் இருக்கவில்லை. நான்கு நாளுக்குக் குறையாத விடுப்பில் போகிறவனுக்குப் போகும் முன்பே சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டியிருந்தது. வேலையாட்குறைப்பால் வீட்டிலிருந்த நாட்களும், பிரசவ விடுப்பில் 12 வாரம் வரையிலான நாட்களும் அந்த 240இல் சேரும் என்று எழுதியவர் தொழிலாளியின் வீட்டுக்குள் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். சட்டம் சொன்ன அளவுக்குமேல் தரவேண்டியதில்லை என்று ஒரு மருந்துக் கம்பெனி வாதாடியபோது, அலெம்பிக் வழக்கில், சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை; சட்டத்திலுள்ளது கீழ் எல்லையே அன்றி மேல் எல்லை அன்று எனத் தீர்ப்பளித்தது.

இதற்கிடையில் சர்க்கார் உத்தியோகஸ்தரின் நிலை வேடிக்கையானது. வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பும், தற்செயல் விடுப்பும், பண்டிகை நாட்களும் பெறுகிற அவருடைய விதிப்புத்தகத்தில், விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று எழுதியிருக்கிறது. 1922ஆம் ஆண்டு அடிப்படை விதிகளில் இருந்த அந்த வாக்கியம் 1972ஆம் ஆண்டு மத்திய அரசு விடுப்பு விதிகளிலும் அப்படியே குடியேறியது. உரிமை இல்லை என்று எழுதப்பட்டவருக்கு விடுப்பு தாராளமாகக் கிடைக்கிறது. உரிமை உண்டு என்று எழுதப்பட்ட ஆலைத் தொழிலாளிக்கு மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டில் வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது ஷரத்து, ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய காலாந்தர விடுமுறையையும் எல்லா மனிதருக்கும் உரிமையாக்கிற்று. மாரிஸ் கிரான்ஸ்டன் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் இதைப் பரிகசித்தார். உயிரைக் காக்கும் உரிமையோடு உல்லாசப் பயணத்தையும் சேர்த்து எண்ணுவதா என்பது அவருடைய ஆட்சேபம். சர்வகலாசாலையின் நீண்ட கோடை விடுமுறையை அனுபவித்த ஒருவர் இப்படிக் கேட்டது எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தனக்கென்று இல்லாதவனின் உயிரை எஜமானன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது? வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: எல்லோருக்கும் விடுமுறை வருகிற ஞாயிற்றுக்கிழமையில்தான் அடுப்புக்கு வேலை அதிகம்.

ஜினிவா விதி அஞ்சியது நம் நாட்டில் வேறு உருவத்தில் நடந்துவிட்டது. விடுப்பை எடுக்காமல் சேர்த்துவைத்துப் பணமாக்கிக்கொள்வதை நாம் சாமர்த்தியம் என்று பாராட்டுகிறோம். மகளின் கல்யாணத்துக்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அந்தப் பணம் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஐரோப்பிய யூனியனின் 1993ஆம் ஆண்டுக் கட்டளையோ, நான்கு வார விடுமுறையை வேலையை விட்டு விலகும்போது தவிரப் பணத்துக்கு மாற்றக் கூடாது என்றது. நம்முடைய 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, ஆண்டு முடிவில் கேட்டால் காசாக்கிக்கொள்ளலாம் என்கிறது. சம்பளம் போதாத தேசத்தில் விடுப்பு இரண்டாவது சம்பளமாகிவிடுகிறது. இதில் தொழிலாளியைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த சம்பளத்தைத்தான் சொல்வேன்.

அதே தொகுப்பு 240 நாளை 180 ஆகக் குறைத்தது. 240 நாள் நிறைவதற்குள் பெயரை நீக்கிவிட்டுச் சில நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்களுக்கு இனிக் கணக்கைக் கொஞ்சம் முன்னதாகவே பார்க்க வேண்டிவரும். ஆனால் இந்தக் கணக்குக்குள்ளேயே வராதவர்களும் உண்டு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு நாலு எஜமானர்கள். எந்த வீடும் தொழிற்சாலையன்று, கடையுமன்று. தம் ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் பாக்கி என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய உத்தியோகஸ்தர் வீட்டிலும், அவள் மாதத்தில் இரண்டு நாள் வராதிருந்தால் பொறுத்துக்கொள்வதும், மூன்றாம் நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதும் நியாயமான ஏற்பாடாகவே கருதப்பட்டு வருகிறது.