தேயிலைத் தோட்டத்தின் நற்பெயர் யார் கையில்?

ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் ஏறினால் மலேசியாவின் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் கம்போங் ராஜா. விடுமுறை நாள்களில் இந்தச் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். வருகிறவர்களில் பலருக்குத் தேயிலைச் சரிவில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். அன்று மாலைக்குள் அந்தப் படம் உறவினர், நண்பர் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்விடும். தோட்டத்துக்குக் காசு செலவில்லாமல் விளம்பரம் கிடைத்துவிடுகிறது.

தோட்டமே விளம்பரமாகும் என்பதை இங்குள்ள நிறுவனங்கள் முன்பே புரிந்துகொண்டன. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனம், தொலைக்காட்சி விளம்பரங்களால் வீடுதோறும் அறிமுகமானது. பிறகு வாடிக்கையாளரைத் தோட்டத்துக்கே வரவழைத்தது. சுங்கை பாலாஸில் சரிவுக்கு மேல் நீண்டு நிற்கும் தேநீர் மையத்தில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். இலை பதமாவதைத் தொழிற்சாலையிலேயே காணலாம். நாடகம், நடனம், இசைக் கலைஞர்களுக்கான 'கேமரோனியன்' விருதுகளோடும் தன் பெயரை இணைத்துக்கொண்டது. 1933இல் தோட்டம் போட்ட பாரத் குடும்பமும் சாலையோரத் தேநீர் விடுதிகளால் கேமரன் வேலி தேயிலையைப் பயணிகளின் மனத்தில் பதித்தது. பொருளைப் புகழ்வதைவிட, பொருள் பிறக்கும் இடத்தைக் காட்டுவதே இன்றைய மக்கள் தொடர்பு.

காட்டாமல் விட்டது

ஆனால் இடத்தைக் காட்டினால் அங்கே உழைப்பவர்களையும் காட்டத்தான் வேண்டும். போ தோட்டத்தின் தொடக்கக் கதையில் வழக்கமாக வருபவை: கோவேறு கழுதைகள், ஒரே ஒரு சாலை உருளை, கொஞ்சம் தொழிலாளர்கள். உருளைக்குக் கணக்கு இருக்கிறது; ஆள்களுக்குப் பெயர் இல்லை. இந்த மலைத் தோட்டங்களில் லயம் எனும் வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று செடிகளுக்கிடையே வெட்டும் இயந்திரம் பிடித்து நடப்பவர்களில் வங்கதேசத்தார், நேபாளத்தார் உண்டு. அவர்களும் பெயரில்லாதவர்களாகவே இருந்துவிடக் கூடாது.

இது கருணை பற்றிய பேச்சு மட்டுமல்ல, வியாபாரக் கணக்கும்கூட. 2020 ஜூலையில் மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கட்டாய உழைப்பு குறித்த புகார்தான் காரணம். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்காக முகவர்களுக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது, அவர்கள் தங்கும் விடுதிகளைச் சீர்செய்தது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. எந்த விளம்பர நிறுவனத்தாலும் அந்தத் தடையை நீக்கியிருக்க முடியாது. தொழிலாளி கையிலும் கைப்பேசி இருக்கும் காலம் இது. விடுதியின் நிலையை மறைத்துவிட்டு மலையின் பசுமையை மட்டும் விற்க முடியாது.

செய்யக்கூடியவை

கேமரன் மலைத் தோட்டங்கள் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தொழிற்சாலைச் சுவரில் நிறுவனர் படத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடும்பங்களின் வரலாறும் பெயரோடு இடம்பெறட்டும். பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரட்டும். பாட்டி கூடை சுமந்த சரிவைப் பேத்தியைவிட நன்றாக யார் விளக்குவார்? கூலியும் குடியிருப்பும் எப்படி இருக்கின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

மலையழகு எல்லாத் தோட்டத்துக்கும் பொது. ஒரு தோட்டத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, அங்கே வேலை செய்பவர் தன் முதலாளியைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார் என்பதுதான். அந்தச் சொல் நல்லதாக இருக்கும்படி நடந்துகொள்வதே மக்கள் தொடர்பில் முதல் வேலை. விளம்பரம் அதற்குப் பிறகு வரட்டும்.