ஓரமா ஒரு சிப்பாய்!

இன்டர் காலேஜ் செஸ் போட்டி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசாமி கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவர். நீங்க இ4 ஆடினால், சிசிலியன் நஜ்டார்ஃப்பை இருபது மூவ் வரைக்கும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். உங்களுக்கோ நேற்று ராத்திரி வரை அரியர் பேப்பருக்குப் படிப்பு. என்ன பண்ணலாம்?

பி4! ராணிப் பக்கத்தில் ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளிவிட்டு, கடிகாரத்தை அமுக்குங்க. 'இவன் தெரிஞ்சுதான் ஆடுறானா?' என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே ஆடலாம் பாஸ்!

இதுக்குப் பேரு உராங்குட்டான் ஓப்பனிங். சத்தியமா! 1924-ல் நியூயார்க் போட்டிக்கு நடுவே மிருகக்காட்சி சாலைக்குப் போன டார்டகோவர், அங்கே சூசன் என்ற உராங்குட்டானிடம் 'ஆலோசனை' கேட்டுவிட்டு வந்து, மரோட்ஸிக்கு எதிராக பி4 ஆடினார். கேம் தோல்விதான். பேர் மட்டும் நிலைச்சுப்போச்சு. பின்னாளில் சோவியத் வீரர் சொகோல்ஸ்கி இதை உட்கார்ந்து ஆராய்ந்து, தனிப் புத்தகமே எழுதினார்.

விஷயம் சிம்பிள். கறுப்பு இ5 ஆடும். நீங்க பிஷப்பை பி2-வில் வைங்க. அவர் பிஷப் உங்க பி4 சிப்பாயை வெட்டும். உங்க பிஷப் அவரோட இ5 சிப்பாயை வெட்டும். ஓரத்துச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்கியாச்சு! அதோட, உங்க பிஷப் இப்போ ஜி7-ஐக் குறிவைக்குது, பின்னாடியே மூலையில் யானை. அவர் அசந்தால் அவ்வளவுதான். ஆனால், அசராமல் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து கேஸ்லிங் பண்ணிட்டாருன்னா, காய்களை வெளியே எடுப்பதில் அவர் உங்களைவிட முன்னாடி இருப்பார். ஒயிட்டுக்கு முதல் மூவ் தருகிற சாதகம் கிட்டத்தட்ட காலி. அதுதான் இதுக்கான விலை.

விலை எவ்வளவு கடுமையா இருக்கும்னு பார்க்கணுமா? 1970, பெல்கிரேட். சோவியத் யூனியனும் உலக அணியும் மோதிய போட்டி. முதல் போர்டில் டென்மார்க்கின் லார்சன் ஆடியது பி3, அதாவது ஒரு கட்டம் மட்டும். எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. அவருடைய இ சிப்பாய் முன்னேறி வந்து வெள்ளைக் குதிரையை விரட்டியது. லார்சனின் ராஜாவோ கேஸ்லிங் பண்ணாமல் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்பாஸ்கி ஒரு குதிரையைக் கொடுத்தார். 14-வது மூவில் ஒரு யானையையே தானம் பண்ணினார். ஒற்றைச் சிப்பாய் ஜி2 வரைக்கும் ஓடிவந்தது. பதினேழே மூவில் ஆட்டம் க்ளோஸ்!

அதுக்காக பி3 மேல பழி போடாதீங்க. அதே வருஷம் பால்மாவில் ஃபிஷர் இதே பி3 ஆடித்தான் மெக்கிங்கை ஜெயிச்சார். லார்சன் சொதப்பியது முதல் மூவில் இல்லை, ராஜாவை மறந்ததில்.

என் கட்சி பி3-தான். பி4 ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்கு. ஜி4-னு ஒண்ணு இருக்கு, க்ராப் ஓப்பனிங்... அது ராஜா வீட்டுக் கதவை நாமே கழற்றி வைக்கிற வேலை. பிளிட்ஸோட நிறுத்திக்கங்க.

கறுப்பு இ5 ஆடினால் என்ன, டி5 ஆடினால் என்ன... இந்த ரெண்டுக்கும் மட்டும் இன்னிக்கு ராத்திரியே ரூம்மேட்டோட பத்து கேம் போட்டுப் பாருங்க. ஒயிட் உங்களுக்கு. டீ செலவு தோத்தவருக்கு!